டென்மார்க் இரண்டாம் நிலைக் கால்பந்து: எஸ்பியர் கழகம் சரிந்த 2021-22 பருவம்

ஐரோப்பியக் கால்பந்து என்றதும் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருவது இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் முதல்நிலை லீக்குகளே. ஆனால் ஒரு நாட்டின் கால்பந்து எந்த அடித்தளத்தின் மீது நிற்கிறது என்பதை அறிய அதன் இரண்டாம் நிலை லீக்கைப் பார்ப்பதே பொருத்தம். டென்மார்க்கின் இரண்டாம் நிலை லீக்கில் 2021-22 பருவம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

அந்தப் பருவத்தின் முடிவில் ஹோர்சன்ஸ், லிங்பி ஆகிய இரு கழகங்கள் மேல்நிலைக்கு உயர்ந்தன. ஆயினும் அப்பருவம் இன்று நினைவுகூரப்படுவது அதற்காக அல்ல. ஐந்து முறை தேசிய சாம்பியனான எஸ்பியர் கழகம் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது அப்பருவத்தில்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2018-19 பருவத்தில், அதே கழகம் நாட்டின் முதல்நிலை லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்திருந்தது.

இந்தச் சரிவின் பின்னணியில் வெளிநாட்டு மூலதனம், பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் இடையிலான மோதல், ஒரே உரிமையாளர் பல நாடுகளில் கழகங்களை வைத்திருக்கும் புதிய முறை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

லீக்கின் அமைப்பு

டென்மார்க்கில் கால்பந்து வீரர்கள் ஊதியம் பெற்று ஆடுவதற்கு 1978-ஆம் ஆண்டுதான் அனுமதி கிடைத்தது. அதுவரை அது முழுக்க முழுக்க அமெச்சூர் விளையாட்டாகவே இருந்தது. 1991-இல் சூப்பர்லீகா என்ற புதிய முதல்நிலை லீக் உருவாக்கப்பட்டது. அதுவரை உச்சியில் இருந்த 'முதல் டிவிஷன்' பெயர் மாறாமலேயே இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 'முதல் டிவிஷன்' என்ற பெயரைக் கேட்டு அதுவே நாட்டின் உயர்ந்த லீக் என்று புதியவர்கள் எண்ணிவிடுவது இதனால்தான்.

2021-22 பருவத்தில் இந்த லீக்கில் 12 அணிகள் ஆடின. ஹோர்சன்ஸ், லிங்பி, எஸ்பியர், ஹெல்சிங்கோர், ஃப்ரெடரிசியா, விதோவ்ரே, நிக்கோபிங், ஹோப்ரோ, வென்சூசல், எச்.பி. கோகே, ஃப்ரேமட் அமாகர், யாமர்புக்ட் என்பவையே அவை.

ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளுடன் தலா இரு முறை மோதும். இந்த 22 ஆட்டங்களுக்குப் பிறகு பட்டியல் இரண்டாகப் பிரிக்கப்படும். முதல் ஆறு அணிகள் உயர்வுக்கான குழுவிலும், அடுத்த ஆறு அணிகள் வீழ்ச்சியைத் தவிர்க்கப் போராடும் குழுவிலும் இடம்பெறும். அதுவரை பெற்ற புள்ளிகள் அப்படியே தொடரும். பின்னர் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அணிகள் மேலும் 10 ஆட்டங்கள் ஆட வேண்டும். மொத்தம் 32 ஆட்டங்கள் முடிந்ததும் மேலே உள்ள இரு அணிகள் சூப்பர்லீகாவுக்கு உயரும். அடியில் உள்ள இரு அணிகள் மூன்றாம் நிலைக்கு இறங்கும்.

இந்த முறையில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. 22 ஆட்டங்களின் முடிவில் ஆறாம் இடத்தில் இருக்கும் அணி மேல்நிலையைக் கனவு காணலாம். ஏழாம் இடத்தில் இருக்கும் அணிக்கு அந்த வாய்ப்பு முற்றாக அடைபட்டுவிடும். அது கீழே விழாமல் இருப்பதற்காக மட்டுமே வசந்த காலம் முழுவதும் ஆட வேண்டியிருக்கும். கடுங்குளிர் காரணமாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டங்கள் நிறுத்தப்படுவதால், இலையுதிர் காலத்தில் தவறவிட்ட புள்ளிகளை ஈடுசெய்ய ஓர் அணிக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு.

துறைமுக நகரின் கழகம்

எஸ்பியர் நகரம் ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில், வட கடலை நோக்கி அமைந்துள்ளது. 1864-ஆம் ஆண்டுப் போரில் தெற்கிலிருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்த டென்மார்க், மேற்குக் கடலில் தனக்கென ஒரு துறைமுகம் வேண்டும் என்று 1868-இல் முடிவெடுத்தது. மக்கள் அதிகம் வாழாத அந்தக் கரையில் துறைமுகமும் அதைச் சுற்றி நகரமும் எழுந்தன. மீன்பிடித் தொழில், பின்னர் வட கடல் எண்ணெய், இப்போது கடற்காற்றாலைகள் என்று அந்நகரின் பொருளாதாரம் மாறிவந்துள்ளது. இன்று அது டென்மார்க்கின் ஐந்தாவது பெரிய நகரம்.

எஸ்பியர் கால்பந்துக் கழகம் 1924-இல், நகரில் ஏற்கனவே இருந்த இரு விளையாட்டுக் கழகங்களின் இணைப்பில் பிறந்தது. 1961, 1962, 1963, 1965, 1979 ஆகிய ஆண்டுகளில் அது தேசிய சாம்பியன் ஆனது. 1964, 1976, 2013 ஆகிய ஆண்டுகளில் டென்மார்க் கோப்பையை வென்றது. 2013-இல் பிரான்சின் சாந்த் எத்தியென் அணியைத் தோற்கடித்து ஐரோப்பா லீக்கின் குழுநிலைப் போட்டிகளுக்குத் தகுதி பெற்ற எஸ்பியர், இத்தாலியின் ஃபியோரென்டினாவைச் சந்திக்கும் சுற்று வரை முன்னேறியது.

தமிழ் வாசகர்களுக்கு ஜட்லாந்து முற்றிலும் அந்நியமான நிலப்பகுதி அல்ல. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து டென்மார்க்கில் தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்களில் பலர் ஹெர்னிங், ஹோர்சன்ஸ், வைலே போன்ற ஜட்லாந்து நகரங்களிலேயே குடியமர்ந்தனர். இத்தகைய நகரங்களில் விளையாட்டுக் கழகம் என்பது உறுப்பினர் சந்தாவாலும் தன்னார்வலர் உழைப்பாலும் இயங்கும் ஒரு சங்கம். பிள்ளைகள் மாலையில் பயிற்சிக்குச் செல்வதும், பெற்றோர் முறை வைத்து உதவி செய்வதும் அங்கு வழக்கம்.

தொழில்முறை அணி இந்தச் சங்கத்திலிருந்து வேறுபட்டது. டென்மார்க்கில் பெரும்பாலான கழகங்களின் தொழில்முறைப் பிரிவு ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாகத் தனியே இயங்குகிறது. தாய்க்கழகம் என்று அழைக்கப்படும் சங்கம் இளையோர் அணிகளையும் அமெச்சூர் அணிகளையும் பார்த்துக்கொள்கிறது. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் வாக்குரிமையில் பெரும்பான்மை சங்க உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. டென்மார்க்கில் அத்தகைய தடை இல்லை. பிரண்ட்பி கழகம் 1987-இலேயே கோபன்ஹேகன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அணியை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை அங்கு நீண்டகாலமாகவே நிலவுகிறது.

புதிய உரிமையாளர்கள்

2019-20 பருவத்தில் எஸ்பியர், சில்கெபோர்க், ஹோப்ரோ ஆகிய மூன்று அணிகள் சூப்பர்லீகாவிலிருந்து வீழ்ந்தன. 2021-இன் தொடக்கத்தில், எஸ்பியர் மீண்டும் உயர்வதற்குப் போராடிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்க முதலீட்டாளர் குழு ஒன்று அதை வாங்கியது. பால் கான்வே, சியென் லீ ஆகியோரின் பசிபிக் மீடியா குழுமம் அதில் முன்னிலை வகித்தது.

அந்தக் குழுமத்தின் கைகளில் அப்போது இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி, சுவிட்சர்லாந்தின் துன், பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட், பிரான்சின் நான்சி ஆகிய கழகங்கள் இருந்தன. பெரும் புகழ் இல்லாத கழகங்களைக் குறைந்த விலைக்கு வாங்குவது, புள்ளிவிவர ஆய்வின் துணையுடன் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, எதிரணியை இடைவிடாமல் நெருக்கும் வேகமான ஆட்டமுறையை எல்லா அணிகளுக்கும் பொதுவாக்குவது, வளர்ந்த வீரர்களை லாபத்துக்கு விற்பது என்பதே அவர்களின் வழிமுறை.

அந்த நேரத்தில் அது வெற்றிகரமான வழிமுறையாகவே தோன்றியது என்பதை மறுக்க முடியாது. 2020-21 பருவத்தில் பார்ன்ஸ்லி இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் ஐந்தாம் இடம் பெற்று, பிரீமியர் லீக்குக்கு உயர்வதற்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள் வரை சென்றது. ஓஸ்டெண்ட் பெல்ஜியத்தின் முதல்நிலை லீக்கில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. எஸ்பியரின் ஆதரவாளர்கள் நம்பிக்கை கொள்வதற்குக் காரணங்கள் இருந்தன.

ஆனால் அந்த வசந்த காலத்தில் எஸ்பியர் மூன்றாம் இடத்துக்கு மேல் போக முடியவில்லை. விபோர்க், சில்கெபோர்க் ஆகிய இரு அணிகளும் உயர்ந்தன. ஐஸ்லாந்தைச் சேர்ந்த பயிற்சியாளர் ஓலாஃபுர் கிறிஸ்டியான்சன் நீக்கப்பட்டு, ஜெர்மானியரான பீட்டர் ஹிபாலா அமர்த்தப்பட்டார்.

வீரர்களின் கடிதம்

நெதர்லாந்து, ஸ்லோவாக்கியா, போலந்து ஆகிய நாடுகளில் பணியாற்றிய ஹிபாலா, எதிரணியை நெருக்கி ஆடும் முறையில் வல்லவர் என்று பெயர் பெற்றவர். புதிய உரிமையாளர்கள் விரும்பிய ஆட்டமுறைக்கு அவர் பொருத்தமானவராகத் தெரிந்தார்.

2021 கோடையில், புதிய பருவம் தொடங்கும் தருவாயிலேயே, அணியின் வீரர்களில் பெரும்பாலானோர் அவர் மீது நம்பிக்கையில்லை என்று அறிவிக்கும் கடிதம் ஒன்றில் ஒப்பமிட்டனர். வீரர்களை இழிவுபடுத்தும் வகையில் பேசுகிறார், அச்சுறுத்துகிறார், உடல்ரீதியாக வரம்பு மீறுகிறார், உடல் தாங்காத அளவுக்குப் பயிற்சிச் சுமையை ஏற்றுகிறார் என்பன அவர்களின் புகார்கள். ஹிபாலா இந்தக் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. கழக நிர்வாகம் முதலில் பயிற்சியாளரின் பக்கமே நின்றது.

இந்த இடத்தில் டென்மார்க்கின் தொழிலாளர் மரபைக் கவனத்தில் கொள்வது அவசியம். அந்நாட்டில் வேலை நிபந்தனைகளைப் பெரும்பாலும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் பேசித் தீர்மானிக்கின்றன. கால்பந்து வீரர்களுக்கும் 1977 முதல் சொந்தச் சங்கம் உண்டு. உடைமாற்றும் அறையில் நடப்பது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது கால்பந்தின் எழுதப்படாத வழக்கம். ஆனால் எஸ்பியர் வீரர்கள் அதைப் பணியிடப் பிரச்சனையாகக் கருதினர். சங்கத்தின் துணையுடன் அதை எழுத்தில் முன்வைத்தனர். விவகாரம் டென்மார்க்கின் எல்லையைத் தாண்டிச் சர்வதேசச் செய்தியானது.

ஆகஸ்ட் மாதத்தில் ஹிபாலா பதவி விலகினார். அவர் அப்பொறுப்பில் இருந்தது மூன்று மாதங்களுக்கும் குறைவான காலமே. அவருக்குப் பின் மற்றொரு ஜெர்மானியரான ரோலண்ட் விராபெக் பொறுப்பேற்றார்.

கடிதம் எழுதியதால் வீரர்கள் தம் மதிப்பைக் காத்துக்கொண்டனர். ஆனால் அணியின் பருவத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலம் என்பது ஓர் அணி தன் உடல்வலிமையையும் ஒற்றுமையையும் திரட்டிக்கொள்ளும் காலம். எஸ்பியருக்கு அது மோதலிலேயே கழிந்தது. உயர்வுக்கான குழுவில் அந்த அணி இடம்பெறவில்லை. 2022 வசந்த காலத்தில் வீழ்ச்சிக் குழுவில் ஆடிய எஸ்பியர், யாமர்புக்ட் அணியுடன் சேர்ந்து மூன்றாம் நிலைக்கு இறங்கியது. யாமர்புக்ட் அந்த ஆண்டுதான் கீழிருந்து உயர்ந்து வந்த சிறிய கழகம். எஸ்பியரோ 17 ஆயிரம் பேர் வரை அமரவும் நிற்கவும் இடமுள்ள அரங்கைக் கொண்ட கழகம்.

ஒரே ஆண்டில் மூன்று வீழ்ச்சிகள்

எஸ்பியரின் கதை தனித்த ஒன்றாக இருந்திருந்தால், உள்ளூர் நிர்வாகக் கோளாறு என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே 2021-22 பருவத்தில் பார்ன்ஸ்லி இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் கடைசி இடம் பெற்று மூன்றாம் நிலைக்கு வீழ்ந்தது. மிஷெல் பிளாட்டினி தம் ஆட்டவாழ்வைத் தொடங்கிய நான்சி கழகம், பிரான்சின் இரண்டாம் நிலையில் கடைசி இடம் பெற்று மூன்றாம் நிலைக்கு வீழ்ந்தது. ஒரே குழுமத்தின் மூன்று கழகங்கள், மூன்று நாடுகளில், ஒரே ஆண்டில், ஒரே படிநிலையிலிருந்து கீழே இறங்கின.

இதற்கான காரணங்களில் ஒன்று எளிதில் புலப்படுகிறது. அந்த வழிமுறையை மைதானத்தில் வெற்றிகரமாக்கிக் காட்டிய பயிற்சியாளர்கள் நிலைக்கவில்லை. பார்ன்ஸ்லியை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுசென்ற வலேரியன் இஸ்மாயில் 2021 கோடையில் வெஸ்ட் பிராம்விச் அணிக்குச் சென்றுவிட்டார். ஓஸ்டெண்டின் அலெக்சாண்டர் பிளெசின் 2022 ஜனவரியில் இத்தாலியின் ஜெனோவாவுக்குச் சென்றார். வீரர்களை லாபத்துக்கு விற்பதையே அடிப்படையாகக் கொண்ட அமைப்பில் நல்ல பயிற்சியாளர்களும் நீண்டகாலம் தங்குவதில்லை. அவர்களுக்குப் பதிலாக வருபவர் அதே ஆட்டமுறையை அறிந்தவராக இருந்தால் போதும் என்ற எண்ணம், அவர் அந்த ஊருக்கும் அந்த வீரர்களுக்கும் ஏற்றவரா என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

வெளிநாட்டுப் பணம் மட்டுமே காரணமா?

இவ்விடத்தில் அவசர முடிவுக்கு வருவது பொருந்தாது. அதே லீக்கில், அதே பருவத்தில், அமெரிக்க முதலீட்டாளர்களுக்குச் சொந்தமான வேறு கழகங்களும் ஆடின. ஹாம்லெட் நாடகத்தின் களமாகிய குரோன்போர்க் கோட்டை அமைந்துள்ள ஹெல்சிங்கோர் நகரின் கழகம் அவற்றுள் ஒன்று. சிறிய கழகமான அது, ஹோர்சன்ஸுக்கும் லிங்பிக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடத்தைப் பிடித்தது. எச்.பி. கோகே கழகமும் அமெரிக்கர்களின் உரிமையில் இருந்தது. அது வீழ்ச்சியைத் தவிர்த்துக்கொண்டது.

முதல்நிலையிலும் இவ்வாறே முடிவுகள் இருவகைப்பட்டன. மேத்யூ பென்ஹம் 2014-இல் மிட்யூலண்ட் கழகத்தை வாங்கிப் புள்ளிவிவர ஆய்வைப் புகுத்தியபின் அது 2015-இல் முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மறுபுறம், அமெரிக்கரான ராபர்ட் பிளாட்டெக்கின் குடும்பம் வாங்கிய சோண்டர்யூஸ்க கழகம் 2022-இல் சூப்பர்லீகாவிலிருந்து வீழ்ந்தது.

உள்ளூர் உரிமை என்பதும் பாதுகாப்புக்கான உத்தரவாதம் அல்ல. லிங்பி கழகம் 2001-இல் திவாலாகி அமெச்சூர் நிலைக்குத் தள்ளப்பட்டது. கோகே நகரின் பழைய கழகம் 2009-இல் திவாலானதை அடுத்து, அண்டையிலிருந்த ஹெர்ஃபோல்க கழகத்துடன் இணைந்தே எச்.பி. கோகே என்ற இன்றைய கழகம் உருவானது. தொலைக்காட்சி வருவாயும் பார்வையாளர் எண்ணிக்கையும் முதல்நிலையைவிட மிகக் குறைவாக உள்ள இரண்டாம் நிலையில், செலவு மட்டும் தொழில்முறைக் கழகத்துக்கு உரியதாக இருப்பதே இந்த நெருக்கடிகளின் பொதுவான வேர்.

சில்கெபோர்க் காட்டிய வழி

எஸ்பியருடன் ஒப்பிடுவதற்கு மிகப் பொருத்தமான கழகம் சில்கெபோர்க். இரண்டும் 2020-இல் ஒன்றாகவே சூப்பர்லீகாவிலிருந்து வீழ்ந்தவை. சில்கெபோர்க்கின் பயிற்சியாளர் கென்ட் நீல்சன், 1992-இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்ற டென்மார்க் அணியில் ஆடியவர். அணி கீழிறங்கியபோதும் கழகம் அவரை மாற்றவில்லை.

ஓராண்டில் சில்கெபோர்க் மேலே திரும்பியது. 2021-22 பருவத்தில், எஸ்பியர் மூன்றாம் நிலைக்கு வீழ்ந்துகொண்டிருந்தபோது, சில்கெபோர்க் சூப்பர்லீகாவில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 2022 இலையுதிர் காலத்தில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுநிலையில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணியை எதிர்த்து ஆடியது. அதனுடன் உயர்ந்த விபோர்க்கும் அதே போட்டியின் தகுதிச்சுற்றில் வெஸ்ட் ஹாமைச் சந்தித்தது. 2021 வசந்த காலத்தில் முதல் மூன்று இடங்களில் இருந்த அணிகளில் இரண்டு ஐரோப்பியப் போட்டிகளுக்கும், ஒன்று உள்நாட்டின் மூன்றாம் நிலைக்கும் சென்றன. இடைப்பட்ட காலம் ஓராண்டே.

ஹோர்சன்ஸும் லிங்பியும் இதே கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 2021-இல் ஒன்றாகக் கீழிறங்கிய அவ்விரு கழகங்களும் மறு ஆண்டே ஒன்றாக மேலே திரும்பின. ஐஸ்லாந்துக்காரரான ஃப்ரேயர் அலெக்சாண்டர்சன் பயிற்சியளித்த லிங்பி, 2022-23 பருவத்தின் பெரும்பகுதியைச் சூப்பர்லீகாவின் அடியில் கழித்தபோதும் அவரை நீக்கவில்லை. அப்பருவத்தின் முடிவில் லிங்பி தப்பியது. ஹோர்சன்ஸ் ஓல்போர்க் அணியுடன் மீண்டும் கீழிறங்கியது.

தமிழகத்துக்கு அருகில் ஓர் ஒப்பீடு

சிறிய கழகமும் வெளிநாட்டுப் பங்குதாரரும் என்ற சேர்க்கை தமிழகத்துக்கும் புதிதல்ல. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2018-19 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 2019-இல் அதன் 26 சதவீதப் பங்குகளை வாங்கியது. 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் சென்னை சிட்டியைக் காண முடியவில்லை.

எஸ்பியருக்கும் சென்னை சிட்டிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. எஸ்பியரில் தொழில்முறை நிறுவனத்துக்கு அடியில் நூறாண்டுப் பழமையான உறுப்பினர் சங்கமும், இளையோர் அணிகளும், நகரின் நினைவும் இருந்தன. மேல் கட்டடம் இடிந்தபோதும் அடித்தளம் எஞ்சியது. அத்தகைய சங்க மரபு இல்லாத இடங்களில், அணியை நடத்தும் நிறுவனம் தளர்ந்தால் கழகமே இல்லாமல் போகிறது.

பின்னர் நடந்தவை

அமெரிக்க முதலீட்டாளர்கள் எஸ்பியரிலிருந்து விலகினர். கழகம் மீண்டும் உள்ளூர்க்காரர்களின் கைகளுக்கு வந்தது. மூன்றாம் நிலையில் இரண்டு பருவங்களைக் கழித்த எஸ்பியர், 2024-இல், தன் நூற்றாண்டு ஆண்டில், இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது. பார்ன்ஸ்லியில் 2022-இல் கான்வேயும் லீயும் நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேற, இந்தியத் தொழிலதிபர் நீரவ் பரேக் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நான்சி 2025-இல் பிரான்சின் இரண்டாம் நிலைக்குத் திரும்பியது. ஓஸ்டெண்ட் கழகத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2024-இல் அது திவாலானதாக அறிவிக்கப்பட்டது.

ஒரே உரிமையாளர் பல நாடுகளில் கழகங்களை வைத்திருக்கும் முறை இதற்குப் பிறகும் ஐரோப்பாவில் பரவியே வந்துள்ளது. விலை குறைவு, உயர்ந்தால் லாபம் அதிகம் என்ற காரணத்தால் இரண்டாம் நிலைக் கழகங்களே இத்தகைய முதலீட்டாளர்களின் முதல் இலக்காக அமைகின்றன. ஒரு கழகத்தை வாங்குபவர் அதன் வரவு செலவையும் வீரர்களின் சந்தை மதிப்பையும் கணக்கிட்டுவிடலாம். 2021 கோடையில் எஸ்பியர் வீரர்கள் எழுதிய கடிதம் சுட்டிக்காட்டியது அந்தக் கணக்கில் சேராத ஒன்றை. அதை உரிய காலத்தில் கேட்டிருந்தால் அந்தப் பருவத்தின் முடிவு வேறாக இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்காததற்குக் கழகம் மூன்றாம் நிலையில் இரண்டு ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது.